ஃபோகஸ்: எல்லா இடத்திலும் குவியமா?

வணக்கம்.

ஆங்கிலத்தில் ஃபோகஸ் (focus) வரும் இடமெல்லாம் தமிழில் ‘குவியம்’ என்றே போட்டுவிடலாம் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். குவியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. லென்ஸுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. குவியத் தொலைவு படித்துத்தானே எல்லோரும் பள்ளியைத் தாண்டினோம். கோள் சுற்றும் நீள்வட்டத்துக்கு இரண்டு குவியம், ஒன்றில் சூரியன் என்பதும் பழகிவிட்டது.

ஆனால் ஃபோகஸ் என்ற சொல் பிறந்த வீடு வேறு. லத்தீனில் அதற்கு அடுப்பு என்று பொருள். 1604இல் கெப்ளர் தம் ஒளியியல் நூலில் வளைவுகளின் அந்தப் புள்ளிக்கு இதைப் பெயராக வைத்தார். வெயிலில் லென்ஸைப் பிடித்தால் தாள் கருகும் இடத்தை நினைத்தால் அடுப்பு சரிதான். ஆங்கிலக்காரருக்கு இப்போது அந்தச் சொல்லில் அடுப்பும் தெரியாது, குவிதலும் தெரியாது. அதனால் எங்கும் ஒட்டிக்கொள்கிறது. நமக்கோ ‘குவி’ பளிச்சென்று தெரிகிறது. கை குவிகிறது, காசிமேட்டு ஏலத்தில் மீன் குவிகிறது. நிலநடுக்கத்தில் நடப்பது தலைகீழ்: பூமிக்கடியில் பாறை உடையத் தொடங்கும் புள்ளியிலிருந்து அலைகள் நாலாபக்கமும் பரவுகின்றன. அந்தப் புள்ளிக்கும் ஆங்கிலத்தில் ஃபோகஸ் என்றுதான் பெயர். அங்கே போய்க் குவியம் என்றால் எப்படி? (வியாசர்பாடியில் ராத்திரி ஆட்டத்துக்குக் கட்டும் ‘ஃபோகஸ் லைட்’டும் இப்படித்தான். மைதானம் பூரா வெளிச்சத்தை வாரி இறைக்கும், பேர் மட்டும் ஃபோகஸ்.)

படிப்பில் ஃபோகஸ் என்பதற்குக் கவனம் இருக்கிறது. அதை விடுங்கள்.

சிக்கல் கணினியில்தான். நாம் தட்டுவது திரையில் எந்தக் கட்டத்துக்கு, எந்தப் பொத்தானுக்குப் போகிறதோ அதில் ஃபோகஸ் இருக்கிறது என்பார்கள். போன வாரம் தங்கசாலைப் பக்கம் ஒரு டிடிபி கடையில் உட்கார்ந்திருந்தேன். விண்ணப்பம் நிரப்பிய பெண் திரையைப் பார்க்காமலே தட்டிக்கொண்டு போனார். 600021 என்கிற பின்கோடு முழுசாக அப்பா பெயர்க் கட்டத்தில் போய் விழுந்திருந்தது. “கர்சர் எங்க நிக்குதுன்னு பாக்கல சார்” என்றார்.

அப்படியானால் கர்சர் என்றே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். முடியாது. டேப் விசையைத் தட்டித் தட்டிச் ‘சமர்ப்பி’ பொத்தானுக்கு வந்தால் அங்கே கர்சர் இல்லை. சுற்றிலும் மெல்லிய கோடு மட்டும்தான். என்டர் தட்டினால் அந்தப் பொத்தான்தான் வேலை செய்யும். விசைப்பலகை இப்போது யார் பிடியில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

அதனால் ‘பிடி’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். வினையோடும் நன்றாக ஓடுகிறது: கட்டம் பிடி பெற்றது, பிடி இழந்தது. டேப் தாவும் ஒழுங்கு பிடிவரிசை, சுற்றியுள்ள கோடு பிடிக்கோடு. ‘குவியம் இழந்தது’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கணினித் திரையில் சாளரத்தின் ஓரத்தை இழுக்கிற பிடியோடு குழம்புமே என்பீர்கள். அதை முழுசாகக் கைப்பிடி என்றே எழுதிவிடலாம்.