கூலன்ட் குறைகிறது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. எங்கே போகிறது?

பழைய வண்டிக்காரன்:
என்னுடையது 20 வயதைத் தாண்டிய பெட்ரோல் கார். ஒரு மாதமாகக் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டே வருகிறது. பத்து நாளைக்கு ஒருமுறை அரை லிட்டர் ஊற்றுகிறேன். இரவில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன், கறையே இல்லை. டெம்பரேச்சர் முள்ளும் நடுவிலேயே நிற்கிறது. ஓட்டிவிட்டு நிறுத்தினால் மட்டும் பானெட் பக்கம் லேசாக ஓர் இனிப்பு வாசனை. ஒர்க்‌ஷாப்பில் எட்டிப் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்கணும்" என்கிறார்கள். இன்ஜினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் சீல் தகடாம் அது. அதிலிருந்து தூக்கமே இல்லை.

கிரீஸ் கை:
அவசரப்பட்டுப் பிரித்துவிடாதீர்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப்புகை நிற்காமல் வருகிறதா? டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த மாதிரி இருக்கிறதா? காலடி விரிப்பு ஈரமாகி, முன்கண்ணாடி உட்புறம் பிசுபிசுவென்று மங்குகிறதா? முதல் இரண்டும் கேஸ்கெட்டின் அறிகுறி. கடைசியாகச் சொன்னது இருந்தால், காருக்குள் சூடான காற்று தரும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது.

பழைய வண்டிக்காரன்:
மூன்றும் இல்லை அண்ணா. ஆனால் ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் கொஞ்சம் மஞ்சள் நுரை இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

கிரீஸ் கை:
தினமும் கொஞ்ச தூரம்தான் ஓட்டுவீர்களா? அப்படியானால் இன்ஜின் முழுதாகச் சூடாகாமல் உள்ளே வியர்க்கும், அந்த ஈரம்தான் மூடியில் நுரையாகப் படியும். அதை மட்டும் வைத்து கேஸ்கெட்டைக் குற்றம் சொல்ல முடியாது.

குறுக்குவழி:
எதற்கு இவ்வளவு பாடு? ஒழுகலை அடைக்கும் திரவம் ஒரு டப்பா ஊற்றினால் தீர்ந்தது.

கிரீஸ் கை:
ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடலாம். அப்புறம் ஒரு வேலை இரண்டாகும்.

தம்பி, சூடான இன்ஜின் மேல் விழும் சொட்டு தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடும். நீங்கள் சொன்ன வாசனை அதுதான். தண்ணீர் போனாலும் கூலன்டின் சாயம் போகாது, ஒழுகும் இடத்தில் பொருக்காகப் படிந்து நிற்கும். இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு (சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது, கை முகமெல்லாம் வெந்துவிடும்) பிரஷர் டெஸ்டர் (கூலன்ட் பாதையில் அழுத்தம் ஏற்றி ஒழுகலைக் காட்டும் கருவி) மாட்டச் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடியில் எத்தனை பார் (அழுத்தத்தின் அளவு) என்று போட்டிருக்கும், அதற்கு மேல் பம்ப் செய்ய வேண்டாம். கால் மணி நேரம் முள்ளைக் கவனியுங்கள், இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. அந்த மூடியையும் தனியாகச் சோதிக்க வேண்டும், பலரும் அதை விட்டுவிடுவார்கள். இன்னொன்று, இன்ஜினுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு இருந்தால் முதலில் கழற்றுங்கள்.

பழைய வண்டிக்காரன்:
வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். 1.1 பாரில் நிறுத்திய முள் பத்தே நிமிடத்தில் 0.8க்கு இறங்கியது. மூடியில் குறையில்லை. தட்டைக் கழற்றினால் அதற்குள் சின்னக் குளமே இருக்கிறது! என் அட்டை எப்படி நனையும்? நேர் மேலே கூலன்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப், அதன் அடிப்பக்கத் துளையிலிருந்து பச்சைப் பொருக்கு வழிந்து காய்ந்திருக்கிறது.

கிரீஸ் கை:
ஆள் அகப்பட்டான். பம்பின் உள் சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங் பக்கம் போகாமல் வெளியே வரத்தான் அந்தத் துளையே வைத்திருக்கிறார்கள். அதை அடைக்காதீர்கள், பம்பையே மாற்றுங்கள். பம்பை டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பெல்ட்) சுற்றுகிற மாடல் என்றால் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், பிரிக்கும் வேலை ஒன்றுதான். தட்டில் தேங்கியதை நாய் பூனை நக்கும் இடத்தில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருக்கும், ஆனால் உயிரையே எடுக்கும் விஷம்.

பழைய வண்டிக்காரன்:
பம்ப், பெல்ட் இரண்டும் நேற்று மாற்றியாயிற்று. ஆனால் இன்று காலை பார்த்தால் மட்டம் மறுபடியும் ஒரு விரல் இறங்கியிருக்கிறது!

கிரீஸ் கை:
உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறியிருக்கும். ஆறிய பிறகு நிரப்பி, கூலன்ட் டப்பாவில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்துச் சொல்லுங்கள்.

பழைய வண்டிக்காரன்:
ஒன்பது நாள் ஆயிற்று அண்ணா, மட்டம் கோட்டிலேயே நிற்கிறது. வாசனையும் போய்விட்டது.