மார்னிங்டன் கிரசன்ட் ஆட்டத்துக்கு விதிகள் உண்டா?

இரவுநேயர்:
ஒரு நண்பர் சொல்லி, பிபிசி ரேடியோ 4-இல் வரும் 'ஐ'ம் சாரி ஐ ஹேவன்ட் எ க்ளூ' நிகழ்ச்சியை மூன்று வாரமாகக் கேட்டு வருகிறேன். பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் சில இடங்களில் அரங்கமே அதிர்கிறது, எனக்கு மட்டும் ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கிறது. முக்கியமாக 'மார்னிங்டன் கிரசன்ட்' ஆட்டம். ஒருவர் லண்டனில் ஏதோ ஓர் இடத்தின் பெயரைச் சொல்கிறார், அடுத்தவர் இன்னொரு இடம், உடனே கூட்டம் வியந்து குரல் எழுப்புகிறது, நடுவர் எந்தக் காலத்து விதியையோ எடுத்து அது செல்லுமா செல்லாதா என்று பேசுகிறார், கடைசியில் ஒருவர் "மார்னிங்டன் கிரசன்ட்" என்றதும் ஆட்டம் முடிந்துவிடுகிறது. பாதாள ரயில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு ஆட்டங்களைத் தாளில் குறித்தும் பார்த்தேன், ஒழுங்கு எதுவும் பிடிபடவில்லை. விதிகள் தெரிந்தவர் யாராவது சொல்லுங்கள். அப்புறம், புள்ளிகளைக் குறிக்கும் சமந்தா ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை?

பழைய டிரான்சிஸ்டர்:
விதி என்று எதுவுமே கிடையாது நண்பரே. நீங்கள் எதையும் தவறவிடவில்லை.

இந்த நிகழ்ச்சி எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். கிரேம் கார்டனும் டிம் புரூக்-டெய்லரும் 1960-களில் இன்னொரு வானொலி நகைச்சுவை நிகழ்ச்சியில் இருந்தார்கள், அது முழுக்க எழுதி நடித்தது. வாராவாரம் எழுதித் தீர்க்கும் சுமை இல்லாமல் ஒன்று செய்ய வேண்டும் என்று கார்டன் யோசித்ததில் வந்ததுதான் இது, 1972 ஏப்ரலில் தொடங்கியது. போட்டி, நடுவர், இரண்டு அணி, மணி, புள்ளி எல்லாம் வைத்துக்கொண்டார்கள். ஆனால் உள்ளே போட்டி இல்லை. குழுப் போட்டி நிகழ்ச்சிகளுக்கு முறிமருந்து என்றே தங்களை அறிவித்துக்கொள்வார்கள். மற்ற வினாடி வினாக்களில் யார் ஜெயிப்பார் என்று காத்திருப்போம், இங்கே ஜெயிப்பதற்கே ஒன்றும் இல்லை என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும், அதனால் நம் காது முழுக்க அவர்கள் பேசும் விதத்தின் மேலேயே இருக்கும்.

குழந்தைகள் சொப்பு வைத்து விளையாடும்போது காலிக் கிண்ணத்திலிருந்து நமக்குச் சோறு போடுவார்கள், நாமும் மென்று பார்த்து "உப்பு கொஞ்சம் குறைவு" என்போம் இல்லையா? மார்னிங்டன் கிரசன்ட் அதேதான். கூட்டம் வியந்து குரல் எழுப்புகிறதே, அது "உப்பு குறைவு" என்று சொல்வது போல. பார்வையாளர்களும் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் அது. யாராவது ஒருவர் நமுட்டுச் சிரிப்புச் சிரித்தாலும் கெட்டுவிடும். எல்லாரும் சதுரங்கம் ஆடுகிற முகத்தோடு ஆடுவதால்தான் நிற்கிறது.

சுரங்கப்பாதை:
இப்படிப் பொட்டென்று உடைத்துச் சொல்லியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. பழைய ரசிகர்கள் யாராவது விதி கேட்டால் சொல்ல மாட்டார்கள், "இன்னும் கொஞ்சம் கேளுங்கள், தானாகப் புரியும்" என்பார்கள், அந்தக் காத்திருப்பிலும் ஒரு சுகம் இருக்கிறது.

ஒரு தகவல். நிலையம் உண்மையானது, நார்தர்ன் தடத்தில் இருக்கிறது. 1992-இல் மூடினார்கள், 1998 ஏப்ரலில்தான் திரும்பத் திறந்தார்கள், திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் இந்த நிகழ்ச்சிக் குழுவினர். அதைப் பார்க்க, நிகழ்ச்சியில் பல வருடம் ஆடிய வில்லி ரஷ்டன் இல்லை, 1996 டிசம்பரில் இறந்துவிட்டார். நிலையத்துக்குள் அவர் பெயரில் ஒரு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். இல்லாத ஓர் ஆட்டத்தால் ஒரு ரயில் நிலையத்துக்கு இத்தனை அன்பு கிடைத்ததை நினைத்தால் எனக்கு இன்னும் நெகிழ்ச்சியாக இருக்கும்.

சொல்விரும்பி:
சமந்தா பேச மாட்டார், ஏனென்றால் அப்படி ஒருவர் இல்லை! நடுவர் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி, அவ்வளவுதான். அவர் எங்கே போகிறார், யாரைப் பார்க்கப் போகிறார் என்று நடுவர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் இரட்டை அர்த்தம். நாற்பது வருடத்துக்கு மேல் மேடையில் ஜாஸ் டிரம்பெட் வாசித்த ஹம்ப்ரி லிட்டில்டன்தான் 2008-இல் இறக்கும்வரை நடுவர். அவர் அந்த வரிகளை, அதில் வேறு பொருள் இருக்கிறது என்பதே தெரியாத ஒரு பெரியவரைப் போல, கொஞ்சம் சலிப்போடு வாசிப்பார். கூட்டம் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அடுத்த வரியை எடுப்பார், அந்த நேரக்கணக்கு ஒரு வாத்தியக்காரருக்கே வரும் என்று நான் நம்புகிறேன். தொலைக்காட்சியில் காலி நாற்காலியைக் காட்டிவிட்டால் முடிந்தது கதை. வானொலியில் சமந்தா நிஜமாகவே அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

நமக்குச் சிலேடை புதிதா என்ன, காளமேகத்தைப் படித்து வளர்ந்தவர்கள்தானே. அவர்களுடைய 'அக்ஸ்பிரிட்ஜ் ஆங்கில அகராதி' சுற்றைக் கேட்டுப் பாருங்கள், பழகிய சொல்லைப் பிரித்துப் புதுப் பொருள் சொல்வார்கள். தமிழில் நானே முயன்றேன்: விடுமுறை என்றால் புகைப்பழக்கத்தை விடும் முறை, கைக்குட்டை என்றால் அரைக்கைச் சட்டை. இன்னும் வேண்டும், எழுதுங்கள்.

இரவுநேயர்:
மிக்க நன்றி. விதி இல்லை என்று தெரிந்த பிறகு நேற்று அதே ஆட்டத்தைத் திரும்பக் கேட்டேன், இந்த முறை கூட்டத்தோடு சேர்ந்து நானும் வியந்து குரல் கொடுத்தேன். எந்தக் காலத்து நிகழ்ச்சிகளிலிருந்து தொடங்கலாம்?

பழைய டிரான்சிஸ்டர்:
1990-களின் முற்பாதியிலிருந்து தொடங்குங்கள். லிட்டில்டன், கார்டன், புரூக்-டெய்லர், பேரி கிரையர், ரஷ்டன் என்று எல்லாரும் ஒன்றாக இருப்பார்கள், பியானோவில் காலின் செல். பிறகு ஜாக் டீ நடுவரான காலத்துக்கு வாருங்கள். அவர் லிட்டில்டனைப் போலப் பேச முயலவில்லை, தன் சிடுசிடுப்பையே கொண்டுவந்தார், அது சரியாகவும் அமைந்தது. 'ஒரு பாட்டை இன்னொரு பாட்டின் மெட்டில்' சுற்று வந்தால் மட்டும் தாண்டிப் போகாதீர்கள். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது, இருந்தாலும் அது என்ன என்று நடுவர் உவமை மேல் உவமை வைத்து விளக்குவார் பாருங்கள், பாட்டைவிட எனக்கு அந்த விளக்கம்தான் பிடிக்கும்.