அம்மாவின் காலண்டர் 3-ஆம் தேதியில் நின்றிருந்தது: உங்கள் வீட்டில் மனநோயின் அறிகுறியாக முதலில் கண்ணில் பட்டது எது?

அம்மாவுக்கு 58 வயது. ஆறு மாதமாக முதுகு வலி, கை கால் உளைச்சல், வயிறு மந்தம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எலும்பு டாக்டர், வயிற்று டாக்டர் என்று மாறி மாறிப் பார்த்தோம். ஸ்கேன் சரியாக இருந்தது. "வயசாகுதுல்ல" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மனசு சரியில்லை என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. "உடம்பு முடியலடி" என்பார், அவ்வளவுதான்.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது சமையலறையில் தினசரி காலண்டர் 3-ஆம் தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு 22. குளித்துவிட்டு வந்ததும் தாளைக் கிழிப்பது, ராகு காலம் பார்ப்பது, கிழித்த தாளின் பின்பக்கம் பால் கணக்கு எழுதிக் கம்பியில் குத்தி வைப்பது: எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மாவின் வழக்கம் இது. கம்பியில் கடைசியாக இருந்த தாளில் "பால் அரை" என்று எழுதி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறதாம், பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துவிடுவாராம். காலையில்தான் ரொம்ப மோசம், சாயங்காலம் கொஞ்சம் பரவாயில்லை. சோறு வாயில் மண் மாதிரி இருக்கிறது. ரவிக்கைகள் எல்லாம் தொளதொளவென்று ஆகியிருந்தன. பேரன் பேசினால்கூட "சரிப்பா" என்று போனை வைத்துவிடுகிறார். "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்" என்று இரண்டு முறை சொன்னார்.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் டாக்டர் முதலில் கேட்டது, "எத்தனை நாளா?" நான் காலண்டரைச் சொன்னேன். மனச்சோர்வோ எதிலும் பிடிப்பில்லாமையோ இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் இருந்து, கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் எல்லாம் கெட்டால் அது மனச்சோர்வு நோய் என்றார். தைராய்டு குறைந்தாலும் இப்படி இருக்கும் என்று அதற்கும் ரத்தம் எடுத்தார்கள். கடைசியாக அம்மாவிடம், "உயிரோடு இருக்க வேண்டாம்னு தோணுதாம்மா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டால்தான் வெளியே வரும் என்று பிறகு விளக்கினார். அம்மா ரொம்ப நேரம் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் "தோணும்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது அன்றுதான் தெரியும்.

ஆறு மாதம் எல்லா டாக்டரிடமும் வலியைச் சொன்னோம். தூக்கத்தைச் சொல்லவே இல்லை. உங்கள் வீட்டில் எது முதலில் தெரிந்தது என்று எழுதுங்கள். இன்னொரு வீட்டுக்கு உதவும்.

பதில் 1

அக்கா, எங்கள் வீட்டில் தம்பி. இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், 20 வயது. முதலில் அரியர் விழுந்தது. நண்பர்களோடு பேச்சு நின்றது. குளிக்கச் சொன்னால் எரிச்சல். படிப்பு டென்ஷன் என்று நினைத்தோம், சிலர் காதல் தோல்வி என்றார்கள். போன் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததைப் பார்த்தும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் அம்மா தட்டில் சாதம் வைத்ததும், "நீ முதல்ல ஒரு வாய் சாப்பிடு" என்றான். விஷம் கலந்திருக்குமோ என்ற சந்தேகம். பெற்ற அம்மா மேலேயே. ஆளில்லாத பக்கம் திரும்பி முணுமுணுத்ததையும் அப்போதுதான் சேர்த்து யோசித்தோம். மாடியில் இரண்டு பேர் தன்னைப் பற்றியே பேசுவது கேட்கிறது என்றான். எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

காற்று கருப்பு என்று உறவினர்கள் சொன்னதால் மந்திரிப்பதில் எட்டு மாதம் போனது. எங்காவது கொண்டுபோய்த் தங்க வைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்துச் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரைப் பெரியம்மாதான் நினைவுபடுத்தினார். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனச்சிதைவு நோய். ஆண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இந்த வயதில்தான் தொடங்குமாம், சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால் அவ்வளவு நல்லதாம். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

"அப்படி யாரும் இல்லைடா" என்று அவனோடு வாதாடாதீர்கள். அவனுக்குக் குரல் நிஜமாகவே கேட்கிறது. "உனக்குப் பயமா இருக்கும்ல, நான் கூட இருக்கேன்" என்று சொன்ன பிறகுதான் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

பதில் 2

எனக்கே நடந்தது. பஸ்ஸில் திடீரென்று நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல், விரல் நுனியெல்லாம் மரத்தது. இதோ செத்துவிடுவேன் என்று பயம். பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானாக இறங்கியது. மூன்று தடவை இ.சி.ஜி. எடுத்தார்கள், மூன்றும் நார்மல். முதல் தடவை நெஞ்சைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள், அதில் அலட்சியம் வேண்டாம். எனக்கு இருந்தது பீதி நோய் என்று தெரிந்தது, திரும்ப வந்துவிடுமோ என்று பஸ் ஏறுவதையே விட்ட பிறகுதான்.

பதில் 3

என் மாமனாருக்கு முதலில் சோர்வு. மருந்து கொடுத்தார்கள். சில வாரத்தில் ஆள் துறுதுறுவென்று ஆகிவிட்டார். இரவு மூன்று மணி நேரம்தான் தூக்கம், ஆனாலும் களைப்பே இல்லை. ஓயாத பேச்சு. நிலத்தை அடகு வைத்து லாரி வாங்கப் போகிறேன் என்று முன்பணமே கொடுத்துவிட்டு வந்தார். குணமாகிவிட்டார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்! அது, சோர்வும் அளவு மீறிய துள்ளலும் மாறி மாறி வரும் இருதுருவ நோயின் இன்னொரு பக்கம். பத்து வருஷத்துக்கு முன்பும் ஒரு மாதம் இப்படி இருந்தாராம், அதை யாரும் டாக்டரிடம் சொல்லவில்லை. இந்த நோய் உள்ளவர்களுக்குச் சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு இப்படி ஏறிவிடுமாம். அதனால் சோர்ந்து கிடந்ததை மட்டும் சொல்லாதீர்கள், முன்பு எப்போதாவது அளவுக்கு மீறித் துள்ளியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

முதலில் எழுதியவர்

அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். நான் பொய் சொல்லவில்லை. "தூக்கம் வராததுக்கும் இந்த டாக்டர்தாம்மா மருந்து தருவாங்க, நானும் உள்ளே வரேன்" என்றேன். போவதற்குள் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு (டெலி மனஸ்) எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். உயிரை விடும் பேச்சு வந்தால் ஆளைத் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

முதல் வாரம் அம்மாவுக்குக் குமட்டல்தான் மிச்சம், மாத்திரையை விட்டுவிடுகிறேன் என்றார். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் சமாளித்தோம். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் நிறுத்தக் கூடாதாம். இது ஐந்தாவது மாதம். நேற்று போனில் பால்காரர் கணக்கில் இரண்டு நாள் கூட எழுதிவிட்டார் என்று பத்து நிமிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். தேதியோடு சொன்னார்.