புதுப்பிப்பு: ஈஸ்ட் கோஸ்ட் மணலில் தொலைந்த சங்கிலி கிடைத்துவிட்டது

போன வாரம் புலம்பியிருந்தேனே, சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பிள்ளைகளோடு மணல்வீடு கட்டும்போது அம்மா கொடுத்த 2 பவுன் சங்கிலி நழுவிப்போனது, நண்பரிடம் இரவல் வாங்கிய மெட்டல் டிடெக்டர் ஈர மணலில் சும்மாவே கத்துகிறது என்று. நேற்று கிடைத்துவிட்டது!

பொழுதுபோக்காக இதைச் செய்யும் ஓர் அங்கிள் வந்தார். உப்புநீர் ஊறிய மணலே மின்சாரம் கடத்துமாம். நான் இரவல் வாங்கியது போல ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்யும் கருவி அதற்கே அலறுமாம். அவருடையது, விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பி, உப்பு மணலுக்கு அவ்வளவாக ஏமாறாத பல்ஸ் இண்டக்‌ஷன் வகை. அதைவிடப் பெரிய கூத்து, குப்பைச் சத்தம் வேண்டாமென்று அலுமினியத் தாள், குளிர்பான டின்னைத் திறக்கும் வளையம் எல்லாவற்றையும் கருவி கண்டுகொள்ளாதபடி நான் வடிகட்டி வைத்திருந்தேன். தங்க நகைக்கும் பல சமயம் அதே சத்தம்தானாம்! மெல்லிய சங்கிலியோ, கண்ணி கண்ணியாக இருப்பதால் கருவிக்குச் சரியாகத் தெரியாது. காட்டிக்கொடுத்தது அதில் கோத்திருந்த டாலர்தான்.

கயிறு கட்டி வரிவரியாக நடந்தார். 40 நிமிடம். 11 டின் வளையம், ஒரு 50 காசு, அப்புறம் சங்கிலி, ஒரு சாண் ஆழத்தில்.

காசு வாங்க மறுத்துவிட்டார். தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் டீ) மட்டும் இரண்டு. சங்கிலி இப்போது ஆசாரியிடம், கொக்கி மாற்ற.