தயிர்சோற்றில் பூனை வளருமா?

தாழ்வாரம்:
கறி வாங்கிப் போடாதவர் பூனையே வளர்க்கக் கூடாது என்கிற பேச்சு இப்போது கூடிவிட்டது. சைவ வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பாலும் தயிர்சோறும்தான் வைத்தார்கள், பூனைகளும் நன்றாகவே வளர்ந்தன. கூட ஒரு முட்டை வைத்தால் புரதமும் ஆயிற்று. என்ன குறை?

நெய்தல்77:
அந்தப் பூனைகள் தயிர்சோற்றில் வாழவில்லை ஐயா. கொல்லையிலும் குதிரடியிலும் எலி பிடித்துத் தின்றுவிட்டு, உங்கள் சோற்றை மேலுக்கு நக்கின. மூன்றாம் மாடியில், வலை கட்டிய பால்கனிக்குள் இருக்கும் பூனைக்கு எலி ஏது? வேட்டையை நாம் நிறுத்தினால், எலி தந்ததை நாம்தான் தர வேண்டும்.

அதில் முதன்மையானது டாரின், இறைச்சியில் உள்ள ஒரு சத்து. பூனையின் உடல் அதைப் போதுமான அளவு தயாரிக்காது. அரிசியில் அது இல்லை. தயிரிலும் முட்டையிலும் இருப்பது கணக்கில் சேராது. குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ எடுக்கவும் பூனையால் முடியாது. 100 கிராம் தயிரில் புரதம் மூன்று, நான்கு கிராம்தான்.

தாழ்வாரம்:
டாரின் குறைவால் இதயம் கெடுவதை 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தபோது, அந்தப் பூனைகள் தின்றது கம்பெனி உணவைத்தான். தயிர்சோற்றை அல்ல. பாக்கெட்டை நம்பச் சொல்வது எப்படி நியாயம்?

நெய்தல்77:
உண்மைதான், மறுக்கவில்லை. அதன் பிறகுதான் கம்பெனிகள் டாரினைக் கூட்டின. டாரின் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் தேறியது. கெட்ட விழித்திரை மட்டும் திரும்பாது. கறி கலந்த உணவிலேயே அந்தக் குறை வந்தது என்றால், தயிர்சோற்றின் நிலையை யோசியுங்கள். பாக்கெட் வாங்கினால் ‘முழுமையான, சமச்சீர் உணவு’ என்ற பொருளில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாய் உணவு கூடவே கூடாது.

கொடிமுல்லை:
உலர் பெல்லட் மட்டும் போடுவதையும் நான் ஏற்கமாட்டேன். அதில் ஈரம் 10 சதவீதம் அளவுதான். ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நான்கு கிலோ பூனைக்கு நாளுக்கு 200 மில்லி அளவு நீர் உள்ளே போக வேண்டும், ஆனால் பூனை தாகத்துக்குக் குடிப்பதில் மந்தம். ஆண் பூனை கழிக்க வைத்த மண்தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லையென்றால் குழாய் அடைத்திருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

வீட்டிலேயே சமைப்பதானால் நான்கு கிலோ பூனைக்கு நாளுக்கு 150 கிராம் கோழித்தொடைக் கறி, இரண்டு மூன்று வேளையாக. மார்புக்கறியைவிடத் தொடையிலும் இதயத்திலும் டாரின் அதிகம். வேகும்போது அது தண்ணீரில் இறங்கிவிடும். கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தச் சாற்றையும் சேர்த்தே வையுங்கள். அரைக் கிலோ கறிக்கு அரைத் தேக்கரண்டி முட்டையோட்டுத் தூள், மிக்ஸியில் மாவாக அரைத்தது. வெறும் கறி தின்னும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து போதாமல் எலும்பு வளையும், முறியும். ஈரல் சிறு துண்டுக்கு மேல் வேண்டாம், வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்பு இறுகும். வெந்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு மீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சை மீனையே தினமும் போட்டால் பல வகைகளில் உள்ள நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும், பூனை தலை தொங்கித் தள்ளாடும்.

இவ்வளவும் சரிக்கட்ட நேரமில்லையென்றால் டப்பா ஈர உணவே மேல். சமைப்பதை முழு உணவாக்குமுன் கால்நடை மருத்துவரிடம் செய்முறையைக் காட்டிவிடுங்கள்.

தாழ்வாரம்:
அடுக்களையில் கறி ஏறாத வீடு நிறைய உண்டு. டப்பா என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் தயிரை விலக்கத் தேவையில்லை. புளித்ததில் பால்சர்க்கரை குறைவு, பாலைப்போல அவ்வளவு எளிதில் வயிற்றுப்போக்கு வராது.

நெய்தல்77:
ஒரு தேக்கரண்டி தயிர் தின்பண்டமாக இருக்கட்டும், சோறு ஆகாது. புது உணவை முதல் நாளே முழுசாக மாற்றாதீர்கள். பழைய உணவில் புதியதைக் கால் பங்கு கலந்து, ஏழு முதல் பத்து நாளில் கூட்டுங்கள். பசித்தால் தானே தின்னும் என்று பட்டினி மட்டும் போட வேண்டாம். இரண்டு மூன்று நாள் தின்னாத பூனைக்கு, அதிலும் குண்டான பூனைக்கு, கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்த் தேங்கும். ஒரு நாள் முழுக்க வாய் வைக்கவில்லையென்றால் முன்பு தின்ற உணவையே திரும்ப வையுங்கள். அதையும் தொடவில்லையென்றால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.