பாலிஷுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பிளவுகளைப் பார்ப்பது எப்படி?

வணக்கம். பெங்களூரு பீன்யாவில் சின்ன ஆப்டிக்ஸ் பட்டறை. 355 நானோமீட்டர் (புற ஊதா) லேசர் ஊடுருவிச் செல்ல 50 மி.மீ. ஃபியூஸ்டு சிலிக்கா (தூய சிலிக்கா கண்ணாடி) ஜன்னல்கள் செய்கிறோம். போன மாதம் அரைக்கும் அலுமினா தூளை மாற்றியதிலிருந்து, பளபளவென்று இருக்கும் ஜன்னல்கூட லேசர் பட்டதும் பொட்டுப் பொட்டாக வெடிக்கிறது.

ஒலிம்பஸ் பிஎக்ஸ்53எம் நுண்ணோக்கியில் பிரைட் ஃபீல்டு, டார்க் ஃபீல்டு, டிஐசி (மேற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளத்தைக் காட்டுவது) என்று எல்லா ஒளியூட்டும் முறைகளிலும் பார்த்தாயிற்று. ஒன்றுமே தெரியவில்லை. சரி என்று ஒரு துண்டை நீர்த்த ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் அரித்தோம். பாலிஷ் தூளான சீரியம் ஆக்சைடு மெழுகிவிட்ட மேல்தோலுக்கு அடியிலிருந்து பிறைநிலா வடிவப் பிளவுகள், ஏதோ துகள் உருண்டு போன தடம் போல வரிசையாகத் திறந்தன! ஆனால் அரித்தால் தட்டைத்தன்மை கெடுகிறது, எல்லாவற்றையும் அரிக்க முடியாது. கன்ஃபோகல் நுண்ணோக்கி (ஆழத்தை அடுக்கடுக்காகப் படம் பிடிப்பது) எங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாது.

பட்டகம் (பிரிசம்) ஒட்டி, முழு அக எதிரொளிப்பில் (ஒளி வெளியேறாமல் கண்ணாடிக்குள்ளேயே திரும்பும்படி) லேசரைச் செலுத்தி நுண்ணோக்கியில் பார்த்தால், அரிக்காமலே இந்தப் பிளவுகள் தெரியுமா?