உருட்டினால் பொய், சுருட்டினால் திருட்டு: நீளமான ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஒரு தமிழ்ச்சொல்

வணக்கம்.

திரைக்குள் அடங்காத பகுதியையும் சேர்த்து ஒரே நீளமான படமாக எடுக்கும் 'ஸ்க்ரோலிங் ஸ்கிரீன்ஷாட்'டுக்குத் தமிழ்ப்பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு 'உருட்டுத் திரைப்பிடிப்பு' என்ற பரிந்துரைக்கு ஆதரவு கூடிக்கொண்டே போவதால் அவசரமாக எழுதுகிறேன். அந்தச் சொல்லில் இலக்கணக் குறை எதுவும் இல்லை. ஆனால் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு குழு உரையாடலை மேலிருந்து கீழ்வரை ஒரே படமாக எடுத்து ஒருவருக்கு அனுப்பினேன். துண்டுகளை ஒட்டும்போது கைபேசி எங்கோ தடுமாறியிருக்கிறது; நடுவில் ஒரு வரி இரண்டு முறை விழுந்துவிட்டது. உடனே பதில் வந்தது: "என்ன, இது உருட்டா?" (இன்றைய கொச்சையில் உருட்டு என்றால் இட்டுக்கட்டிய பொய்.) நான் எதையும் வெட்டி ஒட்டவில்லை, வெட்டி ஒட்டியது கைபேசிதான் என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த வகைப் படத்தை நாம் பெரும்பாலும் எதற்கு எடுக்கிறோம்? 'பார், இப்படித்தான் சொன்னார்' என்று காட்டத்தானே? சான்றாக நீட்டுகிற ஒன்றுக்கு உருட்டு என்று நாமே பெயர் வைத்துக் கொடுத்தால், எதிராளிக்கு வேலை மிச்சம்.

> உருட்டு என்பது ஸ்க்ரோலுக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல். நேற்று முளைத்த கொச்சைக்காக அதைக் கைவிடலாமா?

கைவிடச் சொல்லவில்லை. 'கீழே உருட்டவும்', 'உருட்டுப்பட்டை' எல்லாம் அப்படியே இருக்கட்டும். அங்கே யாருக்கும் குழப்பமில்லை. பெயருக்கு முன்னால் அடைமொழியாக வரும்போதுதான் சிக்கல். உருட்டுச் செய்தி, உருட்டுக் கணக்கு என்றால் காதில் என்ன விழுகிறதோ, அதுதான் உருட்டுத் திரைப்பிடிப்பு என்றாலும் விழும்.

சரி, கொச்சையை விடுங்கள். என்னுடைய பெரிய எதிர்ப்பு வேறு. உருட்டுவது இந்த வசதியின் இயல்பே அல்ல, அதைச் செய்யும் வழிகளில் ஒன்று மட்டுமே. 2015இல் வந்த சாம்சங் கேலக்சி நோட் 5 போன்ற கருவிகளில், பொத்தானை அழுத்த அழுத்தத் திரை தானே நகரும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுக்கப்படும். அடுத்தடுத்த இரண்டு படங்களிலும் பொதுவாக இருக்கும் வரிகளைக் கண்டுபிடித்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி ஒட்டுவார்கள். மேலே நகராமல் நிற்கும் தலைப்புப் பட்டை சில நேரம் படத்தின் நடுவிலும் வந்து உட்காருவதற்கும், என் வரி இரட்டித்ததற்கும் இந்த ஒட்டுவேலைதான் காரணம்.

ஐபோனில் கதையே வேறு. 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல், சஃபாரியில் திரைப்பிடிப்பு எடுத்துவிட்டு 'முழுப் பக்கம்' என்பதைத் தொட்டால், உலாவியே பக்கம் முழுவதையும் பிடிஎஃப் கோப்பாகத் தந்துவிடும். எதுவும் உருள்வதில்லை. ஆண்ட்ராய்டு 12இல், அதாவது 2021இல், இந்த வசதி இயங்குதளத்துக்குள்ளேயே வந்தது. அதில் திரைக்கு வெளியே இருக்கும் பகுதியைத் துண்டு துண்டாக வரைந்து தரும்படி செயலியிடமே இயங்குதளம் கேட்கிறது. நம் பங்கு, படத்தின் கீழ் விளிம்பைப் பிடித்து வேண்டிய இடம் வரை இழுத்து விடுவது மட்டும்தான். அந்த அசைவுக்குத் தமிழில் என்ன சொல்வோம்? நீட்டுவது என்போம்.

ஆகவே கருவி உள்ளே என்ன செய்கிறது என்பதை விட்டுவிட்டு, கைக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம் என்கிறேன். கிடைப்பது நீளமான படம். சீன மொழியிலும் 'நீண்ட திரைவெட்டு' என்ற பொருளில்தான் வழங்குகிறார்கள். ஆண்ட்ராய்டு குரோமின் பகிர்வுப் பட்டியலில்கூட உருட்டல் கிடையாது. லாங் ஸ்கிரீன்ஷாட் என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

> அப்படியானால் 'முழுப்பக்கப் பிடிப்பு' போதுமே?

இணையப் பக்கத்துக்குப் போதும். மூன்று ஆண்டு ஓடிய உரையாடலுக்கு எது முழுப் பக்கம்? அதில் பத்துச் செய்தி வரை எடுத்துவிட்டு நிறுத்துவோம். இறங்க இறங்க வந்துகொண்டே இருக்கும் சமூக ஊடக ஓடைக்கு முடிவு என்பதே இல்லை. முழுமை இதன் இலக்கணம் அல்ல.

மற்ற பரிந்துரைகளையும் சொல்லிப் பார்த்துவிட்டேன். 'சுருள்படம்' அழகாகத்தான் இருக்கிறது, ஓலைச்சுருள் நினைவும் வருகிறது. ஆனால் திருப்பிப் போட்டால் படச்சுருள், பழைய ஃபிலிம். 'நெடும்படம்' என்றால் குறும்படத்துக்கு அண்ணன் என்று நினைப்பார்கள். 'நீள்திரைப்படம்' வேண்டவே வேண்டாம், மூன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிடும். திரை, படம் இரண்டையும் சினிமா எப்போதோ குத்தகைக்கு எடுத்துவிட்டதால்தானே ஸ்கிரீன்ஷாட்டுக்கே 'திரைப்பிடிப்பு' என்று சுற்றிவர வேண்டியிருந்தது. 'நெடும்பிடி' எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் பிடி என்றால் பெண் யானை. உயரமான யானை ஒன்று கண்முன் வந்து நிற்கிறது. 'தொடர்பிடிப்பு' என்று எழுதியவர் அதை 'தொடர்பு இடிப்பு' என்றும் பிரிக்கலாம் என்பதைக் கவனித்தாரா தெரியவில்லை. சில ஸ்கிரீன்ஷாட்டுகள் செய்யும் வேலைக்கு அது பொருத்தமே என்றாலும்!

என் பரிந்துரை: நீள்பிடிப்பு.

இது வினைத்தொகை. நீண்ட பிடிப்பு, நீள்கிற பிடிப்பு, நீளும் பிடிப்பு என்று முக்காலத்துக்கும் விரியும். எடுத்துக்கொண்டிருக்கும்போதே வளர்ந்துகொண்டு போய், நாம் போதும் என்று சொல்லும் இடத்தில் நிற்கிற ஒரு பொருளுக்கு இதைவிட இணக்கமான தொகை கிடைக்காது. 'நீண்ட திரைப்பிடிப்பு' என்றால் முடிந்துபோன நீளம் மட்டும்தான் தெரிகிறது.

இன்னொன்று, தன்வினை பிறவினை இணைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். உருள் உருட்டு ஆகும், சுருள் சுருட்டு ஆகும், நீள் நீட்டு ஆகும். உருட்டினால் பொய், சுருட்டினால் திருட்டு. நீட்டினால் மட்டும்தான் வம்பில்லை. (கை நீட்டினால் உண்டு. இங்கே நீட்டுவது படத்தை.) கருவி செய்வதற்கும் நாம் செய்வதற்கும் ஒரே வேரில் இரண்டு சொல் கிடைத்துவிடுகிறது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். பொத்தானில் 'நீளப் பிடி' என்று போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தொடுதிரையில் பிடி என்றால் விரலை எடுக்காதே என்று பொருளாகிவிட்டது. 'அழுத்திப் பிடிக்கவும்' என்று எல்லா இடத்திலும் படித்துப் பழகியிருக்கிறோம். 'நீளப் பிடி' என்பதைப் பார்த்தவுடன் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அதனால் பொத்தானுக்கு 'நீட்டு' என்ற ஒற்றைச் சொல்லே போதும். சாதாரணத் திரைப்பிடிப்பு எடுத்தவுடன் மூலையில் 'பகிர்', 'திருத்து', 'நீட்டு' என்று மூன்றும் வரிசையாக வந்தால் விளக்கமே தேவைப்படாது. இடத்தையும் அடைக்காது, தமிழ் இடைமுகத்தில் பாதிச் சொல் மூன்று புள்ளிக்குள் மறைந்துபோகும் அவதி நமக்குத் தெரிந்ததுதானே.

> பிடிப்பு என்றால் இடுப்புப் பிடிப்பு மாதிரி ஒலிக்கிறது.

ஒலிக்கிறது, மறுக்கவில்லை. உதவிப் பக்கத்தில் முதல் முறை வரும்போது 'நீள்திரைப்பிடிப்பு' என்று முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் நீள்பிடிப்பு என்று சுருக்கிக்கொள்ளலாம். 'நகல்' என்று மாற்றலாமா என்றும் பார்த்தேன். 'நகலெடு' ஏற்கெனவே காப்பி கட்டளைக்குப் போய்விட்டது.

சொல் புழங்குமா என்பதைச் சோதிக்க, உதவிப் பக்கத்துக்கு நாலு வரி எழுதிப் பார்த்தேன்:

'நீள்பிடிப்பு எடுக்கும் முன் பக்கத்தை ஒருமுறை கடைசி வரை உருட்டிவிடவும். பாதி ஏறாத படங்கள் வெற்றுக் கட்டங்களாகப் பதிவாவதைத் தவிர்க்கலாம். 1,080 படப்புள்ளி (பிக்சல்) அகலமும் 10,800 நீளமும் உள்ள நீள்பிடிப்பை ஒரு செயலி 1,600 நீளத்துக்குச் சுருக்கினால் அகலம் 160 ஆகிவிடும். எழுத்தைப் படிக்க முடியாது. ஆகவே படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பவும். ஜேபெக் வடிவில் ஒரு படத்தின் நீளம் 65,535 படப்புள்ளியைத் தாண்டாது. அதற்கு மேல் நீட்ட வேண்டுமானால் இரண்டாக எடுக்கவும்.'

எனக்கு எங்கும் இடறவில்லை. 'உருட்டிவிடவும்' என்ற சொல்லும் அதே பத்தியில் தன் வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருக்கிறது, கவனித்தீர்களா? இரண்டுக்கும் ஒரே வேரை வைத்திருந்தால் முதல் வரியே முடிச்சு விழுந்திருக்கும்.

பேச்சில் மக்கள் 'ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு' என்றுதான் சொல்லப்போகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. செல்ஃபிக்கு தாமி, சுயமி, தம்படம் என்று மூன்று சொல் படைத்து, மூன்றையும் விட்டுவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் பொத்தானில் எழுதியிருப்பதை நாள்தோறும் கண் படிக்கிறது, 'பகிர்' அப்படித்தான் வாய்க்கு வந்தது. ஆகவே பெயர்ச்சொல்லில் ஒத்துப்போக முடியாவிட்டாலும் வினையையாவது முதலில் முடிவு செய்வோம். 'நீட்டு' என்பதற்கு மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள். ஒரு வேண்டுகோள்: மாற்றுச் சொல்லை 'பகிர்', 'திருத்து' இரண்டுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.